கூடத்துக்குப் பின்னால் பதினைந்து சென்ட்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வேறொருவருக்காக ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தேன். அதன் வழியாக வந்து சேர்ந்தது.

என் பெயர் இளம்பரிதி. பென்னாகரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். பாதிப் பிரதிகள் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. எழுதத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டதால் கல்யாண வாழ்த்துமடல், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, கலெக்டருக்கு மனு எல்லாம் என்னிடம்தான் வரும். அப்படித்தான் அருள்குமார் அண்ணனும் வந்தார்.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபைக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளர் அவர். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது முடிகிறது, போதும் என்று பொறுப்பை விடுகிறார். "ரெண்டு நிமிசம் பேசற மாதிரி எழுதிக் குடு தம்பி. அழுவற மாதிரி வேணாம்" என்றார்.

எனக்கு அப்போது பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணி. அலுப்பு. வேதத்திலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். சாமுவேல் தீர்க்கதரிசி வயதான பிறகு ஜனங்களுக்கு முன்னால் நின்று கேட்கிறார் அல்லவா, நான் எவன் மாட்டைப் பிடித்தேன், எவன் கழுதையைப் பிடித்தேன், யாரை ஒடுக்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று. அந்தக் கேள்வியைப் பேச்சின் கடைசியில் வைத்தேன். அலங்காரத்துக்குத்தான். அங்கே ஜனங்கள் 'அப்படி ஒன்றும் இல்லை' என்கிறார்கள். எங்கள் ஜனங்கள் அதுகூடச் சொல்ல மாட்டார்கள். கைதட்டிவிட்டுப் பிரியாணிக்குப் போவார்கள் என்று நினைத்தேன்.

கேள்விக்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் ஒன்று எழுதியிருந்தேன்: (சற்று நிறுத்தவும்).

2.

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

'வத்தல்மலையின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில்' (இல்லை. அன்று ஒரு மேகமும் இல்லை. நல்ல வெயில்.)

'அருள்குமார் நல்லவர்.' (உண்மை. ஆனால் ஒரு கதை இப்படித் தொடங்கினால் நீங்கள் அவரைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவீர்கள். இரண்டுமே அவருக்குப் பொருந்தும் என்பதுதான் என் சிக்கல்.)

'அன்பரசி பதினோரு வருடமாக அந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.' (பொய். அவள் எதற்கும் காத்திருக்கவில்லை. சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளராகப் பருப்பையும் முட்டையையும் எண்ணி வாங்கிக்கொண்டிருந்தாள்.)

அன்பரசியின் பக்கம் நின்று எழுதுவது சுலபம். அநியாயம் நடந்தது அவளுக்கு. படிக்கிறவர்கள் எல்லாரும் அவளோடு வந்து நின்றுகொள்வார்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம். அதனால் அருள்குமாரின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

3.

சால்வை போர்த்தி முடித்தார்கள். அருள்குமார் மைக் முன்னால் வந்து நின்றார். மின்வாரியத்துப் பழக்கம் போகவில்லை. பேசுவதற்கு முன் குனிந்து வயரைப் பார்த்தார். பிறகு தாளைப் பிரித்தார். சபை கட்டிய காலம், சுற்றுச்சுவர் எழுப்பிய காலம், பக்கத்தில் கூடம் கட்டிய காலம் எல்லாம் சொல்லி வந்தார். குரல் இடறவில்லை. முன்வரிசையில் அவருடைய மனைவி லூர்துமேரி மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தார். (அவர் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவர். திருமணத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை.)

கடைசிப் பத்தி வந்தது. நான் எழுதிய எழுத்து நடையை அவர் தன் பேச்சுக்கு மாற்றிக்கொண்டார்.

"யாரோட மாட்டையாவது ஓட்டிக்கிட்டுப் போயிருக்கறனா? யாருக்காவது அநியாயம் பண்ணியிருக்கறனா? இருந்தா இப்பவே, இங்கயே சொல்லுங்க. திருப்பிக் குடுத்துடறன்."

சற்று நிறுத்தினார். எழுதியபடி செய்கிற மனிதர்.

பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் அன்பரசி எழுந்தாள். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியிருந்தாள். வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்பது போல.

"என்னுது ஒண்ணு இருக்குதுங்க மாமா."

நன்றி சொல்லப்போகிறாள் என்று அருள்குமார் நினைத்தார். சிரித்தார். "சொல்லும்மா."

"கூடம் இருக்கற எடம் எங்கப்பாவுதுங்க. முப்பது சென்ட்டு. அதுல பாதி எனக்கு வரணும். யாரும் என்னக் கேக்கல."

சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். உட்காரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அருள்குமாரின் கையிலிருந்த தாளில் அடுத்த வரி 'நன்றி, ஆமென்' என்று இருந்தது. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

போதகர் எழுந்து, "ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். அருள்குமார் மூடவில்லை. அன்பரசியும் மூடவில்லை. ஜெபம் முடியும்வரை அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் மூடவில்லை.)

பிறகு பிரியாணி. அன்பரசியைச் சாப்பிடாமல் போகவைத்துவிட என் கை அரித்தது. கதைக்கு அது எடுப்பாக இருக்கும். ஆனால் அவள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், இலையை மடித்தாள், கை கழுவிவிட்டுப் போனாள். சாப்பிடாதவர் அருள்குமார்.

4.

நடந்ததைச் சொல்கிறேன்.

அன்பரசியின் அப்பா சென்னப்பன் இறந்தபோது, சபையை ஒட்டி முப்பது சென்ட் இருந்தது. பிள்ளைகள் இருவர். மூத்தவன் தமிழ்ச்செல்வன், லாரி ஓட்டுகிறவன். இளையவள் அன்பரசி. பட்டா அண்ணன் பெயருக்கு மாறியது. அப்படி மாறுவதுதான் வழக்கம் என்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தொப்பூர் கணவாயில் தமிழ்ச்செல்வனின் லாரி கவிழ்ந்தது. பிழைத்தால் அப்பாவின் நிலத்தை ஆண்டவருக்குத் தருவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் பொருத்தனை செய்தான். பிழைத்தான். ஊன்றுகோலோடு அருள்குமாரின் வீட்டுக்கு வந்து சொன்னான். இருவரும் அழுதார்கள். அந்த அழுகையில் பொய் இல்லை. அதனால்தான் இந்தக் கதை எனக்குக் கடினமாக இருக்கிறது.

தானப் பத்திரம் எழுத அருள்குமாரே அலைந்தார். பத்திரம் எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி, "கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். தமிழ்ச்செல்வன் தரையைப் பார்த்தான். அருள்குமார் சொன்னார்: "அதெல்லாம் பிரச்சன இல்லீங்க. எழுதுங்க."

அவ்வளவுதான். கிறிஸ்தவக் குடும்பத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும். அன்பரசியின் வீடு மூன்று தெரு தள்ளி இருக்கிறது. நடந்து போய்க் கேட்டிருக்கலாம். அண்ணன் சொல்லியிருப்பான் என்று இருந்துவிட்டார். அண்ணன், செயலாளர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டான்.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் மறந்தே போயிருந்தார். ஞாயிறு முடிந்து, திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது அது அப்படியே ஞாபகம் வந்தது. பத்திரம் எழுதுகிறவரின் மேசையில் இருந்த பசை டப்பாவோடு சேர்த்து ஞாபகம் வந்தது. வாய் கொப்பளிக்காமல் சற்று நேரம் நின்றார்.

(இடையில் ஒன்று. ஆகாப் ராஜா ஆளைக் கொன்று பறித்துக்கொண்ட நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி எங்கள் சபையில் பலமுறை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அந்த ராஜாவின் இடத்தில் ஒவ்வொரு முறையும் யாரையாவது வைத்துக்கொள்வோம்: சாலைக்கு நிலம் எடுப்பவர்கள், மனைப்பிரிவு போடுபவர்கள். நாங்கள் எப்போதும் நாபோத்தாகவே இருந்தோம்.)

5.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அருள்குமார் டிவிஎஸ் வண்டியில் அன்பரசியின் வீட்டுக்குப் போனார். வாடகை வீடு. ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கணவர் முனிராஜ் சென்ட்ரிங் வேலைக்குப் பெங்களூர் போயிருந்தார். அன்பரசி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாற்காலியை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள்.

"உன்கிட்ட வந்து நான் கேட்டிருக்கணும்மா."

"ஆமாங்க."

(பரவாயில்லைங்க என்று அவளைச் சொல்லவைக்கப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை.)

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"தெரியாதுங்க மாமா. அண்ணன் குடுத்துட்டான், அவனோடது, முடிஞ்சிதுன்னுதான் இருந்தேன். கவர்மெண்ட்டு வூட்டுக்கு மூணு தடவ மனு போட்டங்க. சொந்தமா எடம் இருக்குதான்னு கேக்கறாங்க. இல்லேன்னா எடுத்து வெச்சிடறாங்க. போன மாசம் ஆபீஸ்ல இருக்கற அம்மாதான் சொன்னாங்க, உங்கப்பாவுக்கு எடம் இருந்துதா, அதுல உனக்குப் பங்கு உண்டேன்னு."

"அதனாலதான் அன்னிக்கு..."

"இல்லீங்க. அன்னிக்குச் சொல்லணும்னு வரல. நீங்க கேட்டீங்க. நெசமாத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சிட்டேன்."

அருள்குமார் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

(இந்த இடத்தில் முதல் பிரதியில் அவளுக்கு ஒரு வசனம் கொடுத்திருந்தேன். மோசேயிடம் போய் அப்பன் பங்கைக் கேட்ட செலோப்பியாத்தின் ஐந்து மகள்களைப் பற்றி. அவர்கள் கேட்பது நியாயம் என்று ஆண்டவரே சொன்னதைப் பற்றி. நன்றாக வந்திருந்தது. அன்பரசி அப்படிப் பேசுகிறவள் அல்ல. அடித்துவிட்டேன். அந்த அதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது அருள்குமாருக்குத்தான். வீட்டுக் கூட்டங்களில் அதை வாசித்திருக்கிறார். வாசித்துவிட்டுக் காபி குடித்திருக்கிறார்.)

அவர் ஒரு யோசனையோடு வந்திருந்தார். இரண்டு நாளாக யோசித்தது.

"இப்ப செயலாளரு மதியழகன். அவன் ஒத்துக்க மாட்டான்னு நெனைக்கறன். அதுக்காக உன்னை விட்டுட முடியாது. பாப்பாரப்பட்டில எங்களுக்குப் பன்னண்டு சென்ட் இருக்குது. சுசித்ராவுக்குன்னு போட்டு வெச்சது. அதை உன் பேருக்கு எழுதித் தர்றன். மூணு சென்ட்டுதான் குறையுது. ரோட்டோரம். நீ வூடு கட்டிக்கலாம்."

சுசித்ரா அவருடைய ஒரே மகள். ஓசூரில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன்.

அன்பரசி கீரையை ஆய்வதை நிறுத்தினாள். அவள் முகத்தில் ஆசை வந்தது. அதை அருள்குமார் பார்த்தார். ஒரு வாரத்தில் கைக்கு வரக்கூடிய நிலம்.

"சுசித்ராகிட்ட கேட்டீங்களா?"

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டாம்மா."

"நானும் ஒண்ணும் சொல்லலைங்களே மாமா, பதினோரு வருசமா."

அருள்குமார் எழுந்தார். செருப்பை மாட்ட இரண்டு முறை கால் தவறியது. வண்டியை உதைத்துக் கிளப்பாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனார்.

6.

லூர்துமேரிக்கு விஷயம் தெரிந்தது அதன் பிறகுதான். "எங்கிட்டகூடச் சொல்லாத போய்த் தானம் பண்ணிட்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் சுசித்ராவுக்குப் போன் செய்தார்.

"பாப்பாரப்பட்டில எடம் இருக்குதாப்பா நமக்கு?" என்றாள் அவள்.

அவளுக்கென்று வாங்கியது அவளுக்கே தெரியாது. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எல்லாவற்றையும் சொன்னார். ரெண்டு நாள் குடுங்கப்பா என்றாள். வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"நான் குடுக்கலப்பா. கோவப்படாதீங்க."

"கோவம் இல்ல. சொல்லு."

"அவங்க எடம் சபைகிட்ட இருக்குது. சபைதான் குடுக்கணும். என்னோடத எடுத்துக் குடுத்தீங்கன்னா சபைல எல்லாரும் சந்தோசமா ஒத்துக்குவாங்க. யாருக்கும் ஒண்ணும் வலிக்காது. உங்களுக்கும் நிம்மதி ஆயிடும். ஆனா அவங்களுக்குச் சேர வேண்டியது அப்படியேதான சபைகிட்ட இருக்கும்?"

அவருக்கு முதலில் கோபம் வந்தது. நான் சம்பாதித்தது, நீ யார் என்னைக் கேட்க என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினார். போனை வைத்த பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். லூர்துமேரி காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"அவ சொல்றதுதான் சரி" என்றார் லூர்துமேரி.

"தெரியும்."

7.

அருள்குமார் என்னிடம் வந்தார். கமிட்டிக்கு ஒரு கடிதம் தரப்போவதாகச் சொன்னார். நான் வழக்கம்போலத் தாளை எடுத்தேன்.

"நீ எழுத வேணாம் தம்பி. நீ எழுதினா நல்லா இருக்கும். நல்லா இருக்க வேணாம்."

என் மேசையில் உட்கார்ந்து அவரே எழுதினார். பிழையோடு அப்படியே தருகிறேன்: 'பத்திரம் எழுதும் போது சென்னப்பனுக்கு மகள் உண்டு என்று எனக்கு தெறியும். எழுதுபவர் கேட்டார். பிரச்சனை இல்லை எழுதுங்க என்று நான் தான் சொன்னேன். மகளிடம் கேட்க வில்லை. இது என் தப்பு. பாதியை அளந்து கொடுக்க கேட்டுக் கொள்கிறேன்.' கீழே கையெழுத்து, தேதி.

கூடம் நிற்பது முன்பாதியில். பின்பாதி பதினைந்து சென்ட் காலியாகக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் நிறுத்துவோம். ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டாம். கமிட்டி தீர்மானம் போட்டு மேலிடத்துக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

கமிட்டியில் ஏழு பேர். மதியழகன் பாப்பாரப்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அண்ணா, நீங்க செயலாளரா இருந்தப்ப செஞ்சிருந்தா ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்கும். இப்ப எங்க தலைல கட்டறீங்க. இவங்களுக்கு அளந்து வுட்டா, சபைக்கு எடம் குடுத்த அத்தன வூட்லருந்தும் பொண்ணுங்க வருவாங்க."

பெண்கள் சங்கத்துப் பெரியம்மாள் அக்கா, "வரட்டுமே" என்றார்.

அருள்குமார் இப்போது கமிட்டி உறுப்பினர் இல்லை; கடிதத்தைக் கொடுத்ததும் வெளியே போக வேண்டும். போய்க் கூடத்துக்குப் பின்னால், அந்தக் காலி இடத்தில் நின்றார். அதிகாரம் இருந்த காலத்தில் கண் போகாத இடம் அது. ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. வெயிலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். கொடுக்கலாம் என்று மூன்று. வேண்டாம் என்று மூன்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம், ஏழாவது ஆள் நான். இதுவரை சொல்லவில்லை.

"எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்" என்றேன். அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்தபோது அருள்குமார் அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வண்டிச் சாவியைத் தேடுவது போலச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஏன் தூக்கவில்லை? இந்தப் பத்தியை ஆறு முறை எழுதிவிட்டேன்.

எனக்கு ஒரு தங்கை. கோகிலவாணி. கிருஷ்ணகிரியில் இருக்கிறாள். நான் உட்கார்ந்து இதை எழுதும் வீடு எங்கள் அப்பா கட்டியது. அப்பா போன பிறகு கோகிலா வந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரு புடவை எடுத்துக்கொடுத்தோம். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளைக் கேட்கவும் இல்லை. நாள் சொன்னோம், வந்தாள். பதிவு அலுவலகத்தில் பேனாவை வாங்கும்போது என்னை ஒரு முறை பார்த்தாள். நான் அப்போது

(இந்த வாக்கியம் முடியவில்லை.)

அன்பரசிக்காகக் கை தூக்கிவிட்டு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து எப்படி உட்காருவது? இதுதான் காரணம். அருள்குமாருக்கு நான் எழுதிக்கொடுத்த கேள்வியை ஒருநாளும் என்னிடம் நான் கேட்டதில்லை.

8.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நான் கை தூக்குகிறேன். சர்வேயர் வருகிறார், கல் நடுகிறார்கள், அன்பரசி அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். நன்றாகத்தான் வந்தது. அதில் நான் மிக அழகாக இருக்கிறேன். அதனால் கிழித்துவிட்டேன்.

இரண்டு: தீர்மானம் தோற்கிறது. அன்பரசி தர்மபுரி கோர்ட்டுக்குப் போகிறாள். அருள்குமார் அவள் பக்கத்துச் சாட்சி. வாய்தா, வாய்தா, வாய்தா. உண்மையில் நடக்கக்கூடியது இதுதான். எழுத எனக்குத் தெம்பில்லை.

மூன்று: தமிழ்ச்செல்வன் வந்து, நான் குடுத்தது பாதிதான், மீதி என்னுடையதே இல்லை என்று (அவனிடம் பேசினேன். போனில் அழுதான். வருவதாகச் சொல்லவில்லை.)

இப்போதைய நிலவரம்: அருள்குமார் ஞாயிறு தவறாமல் வருகிறார். முன்வரிசையில் உட்காருவதில்லை. சிலர் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். சபையைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று சொல்கிறார்கள். அன்பரசி அதே நான்காவது வரிசையில் உட்காருகிறாள். வெளியே வரும்போது, "சாப்ட்டீங்களா மாமா" என்று கேட்கிறாள். அவர் தலையாட்டுகிறார். வாடகை வீட்டின் கூரை ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. நான்காவது முறை மனு போடக் கடைசி நாள் நெருங்குகிறது.

இன்று வியாழன். வரும் ஞாயிறு கூட்டம். ஏழாவது கை எழுந்ததா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எதிராகவே எழுதினாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பத்திரம் பீரோவில்தான் இருக்கும். எடுத்து, கடைசிப் பக்கத்தில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். அதில் இல்லாத பெயர் ஒன்றோ, இருந்தும் யாரும் கேட்காத பெயர் ஒன்றோ கண்ணில் பட்டால், அவர்களுக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டு வந்து எழுதுங்கள்.

நான் இன்னும் போடவில்லை.